கை எடுத்த இடம்

டொக்டர் வேஸியே போன பிறகு
கதவில் பித்தளைப் பலகை இல்லை,
நான்கு ஆணித் துளைகள் மட்டும்.
செவ்வாயும் வெள்ளியும்
அந்த அறையை நகரசபை எனக்கு வாடகைக்குத் தந்தது.
எடைக்கருவி அவர் விட்டுப்போனது,
ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டும்.
ஊருக்கே தெரியும்.
இறங்கும்போது அவரவரே கழித்துக்கொள்வார்கள்.

ஊர் எல்லைச் சுற்றுவட்டத்தில்
'மருத்துவர் தேவை' என்று மேயர் கட்டிய பதாகைக்கு
இது மூன்றாவது குளிர்காலம்.
தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை
மழை தின்றுவிட்டது.

நான் ஒஸ்தியோபாத். எலும்பும் தசையும் பார்ப்பவள்.
என் கையெழுத்துக்கு மருந்துக்கடையில் மதிப்பில்லை.
ஆனாலும் வருகிறார்கள்,
இருமலோடு, இரத்தப் பரிசோதனைத் தாளோடு,
ஒருமுறை கொதிகலன் நிறுவனத்தின் கடிதத்தோடுகூட.
லா கூர்நெவ்விலிருந்து அம்மா கேட்பா:
"நீ டொக்டரோ இல்லையோ, ஒரு சொல்லில சொல்லு."
ஒரு சொல் இல்லை அம்மா.

அந்தப் பெப்ரவரி வெள்ளி, ஃபெர்னான் லஷோம்.
அறுபத்தெட்டு வயது, நாற்பது பசுக்கள்,
ஐம்பது வருடப் புகை.
கன்று இழுத்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றார்.
"ஒரு சொடக்கு போதும், மதாம்.
டிராக்டர் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது."

தொட்டேன். தசை இளகித்தான் இருந்தது.
குனியச் சொன்னேன், குனிந்தார்.
திரும்பச் சொன்னேன், திரும்பினார்.
எந்த அசைவுக்கும் அந்த வலி பதில் சொல்லவில்லை.

ஐந்து வருடம் எங்கே அழுத்துவது என்று படித்தேன்.
எங்கே அழுத்தக்கூடாது என்பது
ஒரே ஒரு பிற்பகல் பாடம்.
அன்று நல்ல மழை, பாதிப்பேர் வரவில்லை.

மல்லாக்கப் படுக்கவைத்து
தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்தேன்.
உள்ளே துடித்தது.
எல்லோருக்கும் துடிப்பதுதான்,
இவ்வளவு அகலமாக அல்ல.
ஒவ்வொரு துடிப்பும் என் இரண்டு கைகளையும்
பக்கவாட்டில் தள்ளி விரித்தது,
இரு கையிலும் வாளி ஏந்தியவன்
தோளால் கதவைத் தள்ளுவதுபோல.

கை எடுத்தேன்.

"இன்னும் தொடங்கவே இல்லையே," என்றார்.
கைராசிக்காரி என்று நாலு பேரிடம் சொல்ல
அம்மாவுக்கு எவ்வளவு ஆசை.
என் மொழியில் கொடுப்பதும் கைதான், விடுவதும் கைதான்.
நான் செய்தது எதுவென்று
அந்த நிமிடம் எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

பதினைந்தை அழைத்தேன்.
கெரேயிலிருந்து வண்டி வர நாற்பது நிமிடம்.
டிராக்டரை நிறுத்த நான்தான் ஓடினேன்.
எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.
ஜன்னல் வழியே அவர் கத்த,
கத்தாதீர்கள், அசையாதீர்கள் என்று நான் கத்த.

அவரை ஏற்றிக்கொண்டு வண்டி போனதும்
காத்திருந்த மதாம் புர்தி உள்ளே வந்தார்.
இருமல்.

லிமோஜில் அன்று இரவே வெட்டினார்கள்.
பெருநாடி வீக்கம், ஏழு சென்ரிமீற்றர்.

மே மாதம் திரும்பி வந்தார்.
சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்,
சந்தையில் பரிசு வாங்கிய பசுவைக் காட்டுகிற தோரணையில்.
நன்றி சொல்லவில்லை.
தான் இல்லாதபோது இரண்டு கன்றுகள் போனதற்கு
என்னைத்தான் குறை சொன்னார்.
பிறகு ஓர் உறையை நீட்டினார்.
அறுவை மருத்துவர், குடும்ப மருத்துவருக்கு எழுதியது.
பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு.
"இங்கேயே இருக்கட்டும்."

நான் படிக்க வேண்டிய கடிதம் அல்ல. படித்தேன்.
வேஸியேயின் மேசையில், கீழ் இழுப்பறையில்
இதுபோல் இன்னும் பதினொன்று கிடக்கின்றன.

அதற்குள் அவரே படுக்கையில் ஏறி
மெல்ல, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டார்.
"இடுப்பு இன்னும் வலிக்கிறது, மதாம்.
இப்போதாவது கை வைப்பீர்களா?"

வெளியே டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.